மலை இல்லாத மேற்கு

அந்தத் தீவில் இரண்டே வழிதான். கடல் இடது கையில் வரும் வழி ஒன்று, வலது கையில் வரும் வழி ஒன்று. நடுவில் போக முடியாது. நடுவில் முழுக்க உடைமுள்ளும் கள்ளியும். ஆடு உள்ளே போனால்கூடக் கிழிபட்டுத்தான் வெளியே வரும். தெற்கு முனையில் ஒரு குடியிருப்பு, வடக்கு முனையில் ஒரு குடியிருப்பு. தோணி வந்து நிற்கும் துறை வடக்கே. தெற்கே இருப்பவர்கள் துறைக்குப் போகக் கரையைத்தான் பிடிக்க வேண்டும். மேற்குக் கரையோடு போனால் மணலும் பனையுமாக ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். கிழக்குக் கரையோடு போனால் பாறை. ஏறி இறங்கி, தவழ்ந்து, அரை நாள் ஆகிவிடும்.

தீவின் பெயரை எழுதமாட்டேன். சின்ன இடம். பெயரைச் சொன்னால் அங்கே வேலை பார்த்த டீச்சர் யார் என்று யாராவது தேடிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த டீச்சர் என் அக்கா. மண்டபத்தில் ரயிலை விட்டு இறங்கித் தோணி ஏற வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்தால் போதும்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், பருத்தி அரைக்கும் ஜின்னிங் பாக்டரிக்குப் பின்னால். அப்பா அந்தப் பாக்டரியில் என்ஜின் ஓட்டினார். நான் அதே பாக்டரியில் பருத்தியில் தூசியும் சருகும் பொறுக்கினேன். நாலாம் வகுப்போடு எனக்குப் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அக்காவை மட்டும் சின்ன வயதிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் போர்டிங்கில் சேர்த்துப் படிக்கவைத்து, டீச்சர் டிரெயினிங்குக்கும் அனுப்பினார்கள். அவளுக்குப் படிப்பு ஏறியது, எனக்கு ஏறவில்லை என்று அம்மா சொல்வாள். பொய். வீட்டுக்கு ஒருத்தியைத்தான் இலவசமாக எடுப்போம் என்று போர்டிங்கில் சொன்னார்கள். மூத்தவள் போனாள். அவ்வளவுதான் விஷயம்.

டிரெயினிங் முடித்த அக்காவை மிஷன்காரர்கள் இந்தத் தீவுக்குப் போட்டார்கள். யாரும் போக மாட்டேன் என்ற இடம். அவள் சரி என்று போய்விட்டாள். இரண்டாம் வருஷம் கோடையில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பம், பையனுக்கு ரங்கூனில் ஆபீஸ் வேலை. போட்டோவைப் பார்த்தேன். தலையில் எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தான். வேறொன்றும் அதில் தெரியவில்லை. லீவில் வந்தவன். வருகிற ஞாயிறு கோவில் ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்து வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் கோவிலில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசித்து, தாலி கட்டி, பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிறு தள்ளினாலும் கப்பல் போய்விடும். அவர்கள் வேறு பெண் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் பெண் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

எனக்கும் அதில் பங்கு உண்டு. அக்கா இருக்கத் தங்கைக்குக் கலியாணம் செய்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தளவாய்புரத்திலிருந்து என்னைக் கேட்டு வந்தவர்களை, "பெரியவளுக்கு முடியட்டும், பொறவு பாப்போம்" என்று அப்பா திருப்பி அனுப்பியிருந்தார். கேட்டு வந்தவனை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அக்காவைக் கூட்டி வர அப்பா கிளம்பியபோது, நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவள் ஏதாவது சாக்குச் சொன்னால் முடியைப் பிடித்து இழுத்து வருவதாக எண்ணம்.

விருதுநகர், மதுரை என்று ரயில் மாறி மண்டபம் போய்ச் சேர்ந்தோம். ஒரு கூடை சப்பட்டை மாம்பழம் வைக்கோல் போட்டு அம்மா கட்டிக் கொடுத்திருந்தாள். ரயிலில் ஏறியவனெல்லாம் மோந்து பார்த்தான். வியாழக்கிழமை சாயங்காலம் தோணி எங்களைத் தீவின் வடக்குத் துறையில் இறக்கியது. தூறல். வானம் சாம்பலைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. எங்களுக்கு முன்னால் கருவாட்டு மூட்டை ஏற்ற வந்த ஒருத்தர், "டீச்சர் வீட்டு ஆளுகளா? வாங்க வாங்க" என்று கூட்டிப்போனார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, குனிந்தபடி, அவர் குதிகாலைப் பார்த்தே தெற்குக் குடியிருப்புக்கு நடந்தோம். அந்த நடையில் வலது கைப் பக்கம் கடல் இரைந்ததுதான் எனக்கு ஞாபகம்.

அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுத்துப்போயிருந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, பனை மட்டையில் செய்த செருப்புப் போட்டு, ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையேறி வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போர்டிங்கில் மடிப்புக் கலையாமல் வெள்ளைச் சேலை கட்டி, எங்களிடம்கூட மெதுவாகப் பேசியவள்.

"அப்பா!" என்று கத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, நீயுமா? எலும்புந் தோலுமா இருக்க, காத்து தூக்கிட்டுப் போயிருமேட்டி!"

"நீ மட்டும் என்ன? அடுப்புக் கரியாட்டம் இருக்க. ரங்கூன்காரன் பாத்தா ஓடிருவான்" என்றேன். அப்படித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அப்பா என்னை முறைத்துவிட்டு, உட்கார்ந்து முறையாகச் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், காலையில் இதே தோணி திரும்புகிறது, அதில் கிளம்பினால் சனிக்கிழமை வீடு போய்ச் சேரலாம். அதை விட்டால் அடுத்த தோணி செவ்வாய்.

அக்கா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் துவட்டினாள்.

"என்னட்டி சொல்லுத?"

"சரிப்பா" என்றாள்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. மாம்பழக் கூடையைப் பிரித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள். கொட்டையைச் சப்பிச் சப்பி வெளுக்க வைத்துவிட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். சூரியன் இல்லை. அதே சாம்பல் வானம். தீவின் உபதேசியார், வாய் ஓயாத மனிதர், வாசலில் வந்து நின்றார். கோவிலில் ஜெபம் நடத்துவதும் பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்ப்பதும் அவர்தான். காற்று எழும்புவதற்குள் தோணியை எடுத்துவிடுவார்கள், துணைக்கு ஒரு ஆளை அனுப்புகிறேன் என்றார்.

"எதுக்கு ஆளு?" என்றார் அப்பா. "தேவதானத்துக்கு மேக்க மலையில மரம் வெட்டினவன் நான். கரடி நடக்குற தடத்துல நடந்துருக்கேன். இந்த உள்ளங்கையளவு ஊருல எனக்கு வழி தப்புமா?"

"டீச்சருக்கு வழி தெரியும்லா" என்று உபதேசியார் இழுத்தார்.

"அவ சாமான எடுத்துட்டுப் பின்னால வரட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா முன்னால் நடந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மேற்கு என்றால் மலை. திசையை யாரும் சூரியனை வைத்துப் பார்ப்பதில்லை. வீட்டு வாசல் மலை பார்த்தது, கிணறு மலைக்கு எதிர்ப்பக்கம், மாடு மலைப்பக்கம் போனது என்றுதான் பேச்சு. ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் ஒரு பக்கம் நீலமாக மலை நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் போனாலும் நிற்கும். மலை இல்லாத மேற்கை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அப்பா பள்ளிக்கூடத்தைத் தாண்டி மணல்மேட்டில் ஏறி நின்றார். கடலுக்கு அந்தப் பக்கம், அடிவானத்தில், கருநீலமாக, நீளமாக, முகடும் பள்ளமுமாக நின்றது.

"அந்தா பாரு மலை" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. சொந்தக்காரனைப் பார்த்ததுபோல. "அதான் மேக்கு. நேத்து வந்தது மேக்குக் கரைன்னு கூட்டிட்டு வந்தவரு சொன்னாரு. மலைப்பக்கத்துக் கரையப் பிடிச்சு நடந்தா நேரே துறை."

எனக்கும் மலையாகத்தான் தெரிந்தது. நம்முடைய மலைதான் கடலுக்கு அப்பாலும் எட்டிப் பார்க்கிறது என்றுகூட நினைத்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அக்கா ஒரு நொடி நின்றாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு எங்கள் பின்னால் வந்தாள்.

கடல் வலது கையில் வந்தது. நேற்றும் வலது கையில்தானே வந்தது என்று நான் நிம்மதியாக நடந்தேன். திரும்பிப் போகிறவனுக்குக் கை மாற வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச தூரம் தாழம்புதர். பிறகு மணல் குறைந்து பாறை வந்தது. கறுப்பும் பழுப்புமாக, தேனடைபோல ஓட்டை ஓட்டையாக, விளிம்பெல்லாம் கத்தி. ஒற்றையடித் தடம் அதன்மேல் ஏறி, விரிசலில் இறங்கி, மறுபடி ஏறிப் போனது. கீழே அலை வந்து பாறைப் பொந்தில் புகுந்து 'டம்' என்று அடித்தது. அப்பாவின் தோல் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"நேத்து இந்தப் பாறையெல்லாம் இல்லையேப்பா?" என்றேன்.

"நேத்து நீ சாக்குக்குள்ள தலைய விட்டுட்டு வந்த. ஒனக்கு என்ன தெரியும்?"

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். "என்னக்கா, சரியாத்தான போறோம்?"

"பாத்துக் கால் வையி. பாசி வழுக்கும்" என்றாள்.

வழுக்கியது. முழங்கை தேய்ந்தது. நான் பாறையைத் திட்டினேன், கடலைத் திட்டினேன், ரங்கூனையும் சேர்த்துத் திட்டினேன். அக்கா சிரித்தாள். அவள் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமல், ஆடு தாவுவதுபோலப் பாறைக்குப் பாறை போய்க்கொண்டிருந்தாள். இவ்வளவு நன்றாக நடக்கிறாளே, எங்களைவிட முன்னால் போகலாமே, ஏன் பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன்.

ஒரு வளைவில் பாறைக் குட்டைகளில் குனிந்து நாலைந்து பெண்கள் சிப்பி பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"ஏ டீச்சரம்மா! மூட்டையும் முடிச்சுமா எங்க கெளம்பிட்டீய?"

"தொறைக்கு" என்றார் அப்பா, அக்காவுக்கு முந்திக்கொண்டு.

"தொறைக்கா? இந்த வழியாவா?" அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "மேக்குக் கரையில என்ன, தண்ணி வந்து முக்கிருச்சா?"

அக்கா, "எங்கப்பாவுக்குப் பாறை பாக்கணும்னு ஆசை" என்றாள்.

"நல்ல ஆசைதான்! எங்க வீட்டு ஆம்பளைக்கு இந்தப் பாறையச் சொன்னாலே கால் கடுக்கும். தோணிக்காரன் இந்நேரம் பாய் விரிச்சிருப்பான் தாயி."

அப்பா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "மேக்குக் கரை இதில்லையா?"

"இது கெழக்கு" என்றாள் அவள்.

"பொறவு அந்த மலை?"

"எந்த மலை?"

அப்பா கையைக் காட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மலையின் நடுமுகடு கிழிந்து அதற்குள்ளிருந்து வெளிச்சம் குழாயாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரம் ஏற்கெனவே பிய்ந்து மேலே போயிருந்தது.

"ஆத்தாடி! மேகத்தையா மலைங்கிறாரு!" அந்தப் பெண்கள் குட்டைக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மலையைப் பார்க்காத ஜனங்கள். மலை எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

திரும்பினாலும் அதே தூரம். முன்னால் போனாலும் அதே தூரம். அப்பா முன்னாலேயே போனார், ஓட்டமும் நடையுமாக. பாதத்தில் ரத்தம். கடைசியில் ஒரு பாறைமூக்கின் மேல் ஏறி நின்றார். நாங்களும் ஏறினோம். வடக்கே கடலில் ஒரு பாய் தெரிந்தது. நிமிர்ந்து, காற்றை வாங்கி, மண்டபத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா உட்கார்ந்தார். வெகு நேரம் அந்தப் பாயையே பார்த்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒனக்கு வழி தெரியாதாட்டி?"

"தெரியும்பா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மணல்மேட்டுலயே."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

நான் கையிலிருந்த மூட்டையைப் பாறையில் அடித்தேன். "கேக்கலியாமே! கேட்டாத்தான் வாயில இருந்து வருமோ? படிச்சவல்லா நீ! பிள்ளைகளுக்குக் கெழக்கு மேக்கு சொல்லிக் குடுக்குறவ! இந்த மனுசன் கால் கிழியுதே, அதாவது தெரிஞ்சுதா ஒனக்கு?"

"கத்தாதட்டி."

"கத்துவேன்! நீ பாட்டுக்கு இங்க நண்டு பிடிச்சுட்டு இருப்ப. நான் ஒன்ன வச்சுக் கெழவியாகணுமா? அக்கா இருக்கத் தங்கச்சிய எவன் வந்து கேப்பான்?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவிடம் பேசினாள். "வரமாட்டேன்னு நான் சொன்னா ஒங்களுக்கு ஊருல தலைகுனிவுப்பா. மக அப்பன் பேச்சக் கேக்கலன்னு சொல்லுவாக. தோணி போயிட்டுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

அப்பா அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவர் பாதத்தில் குத்தியிருந்த சிப்பித் துண்டைப் பிடுங்கிக் கடலில் போட்டார்.

"ஒனக்கு ரங்கூன் பிடிக்கலையா, மாப்பிள்ளையப் பிடிக்கலையா?"

"ரெண்டையும் நான் பாத்ததில்ல. இதப் பாத்துருக்கேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. "பசிக்குது. என்ன வச்சிருக்க?" என்றார். அக்கா கட்டுச்சோற்றைப் பிரித்தாள். பொரித்த கருவாடு. அந்தப் பாறையின் மேல் காற்று சோற்றைப் பறக்கடிக்க, மூன்று பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். நான் சாப்பிட மாட்டேன் என்றுதான் இருந்தேன். கருவாட்டு வாசனை விடவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை வரை அங்கேதான். அக்காவோடு பேசக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்தத் தீவில் பேசாமல் இருக்க முடியாது. தண்ணீர் எடுக்கப் போனாலும் நடை, விறகுக்குப் போனாலும் நடை, பள்ளிக்கூடத்துக்கும் நடை. தெற்கில் ஒருநாள், வடக்கில் ஒருநாள் என்று அக்கா பாடம் நடத்தினாள். வடக்கு நாளில் மேற்குக் கரையோடு போவாள், வழியில் வலை காயப்போட்ட இடங்களிலெல்லாம் பிள்ளைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். துறைக்குப் போய்ச் சேரும்போது ஒரு கூட்டமாக இருக்கும். நடக்கும்போதே வாய்ப்பாடு சொல்லுவார்கள். அலை இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்லிப் பழகி, அந்தப் பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேசவே வராது. அக்காவுக்கும் அதே தொண்டை வந்திருந்தது.

விடியற்காலையில் கிழக்குக் கரையில் ஊற்றுக்குப் போவோம். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். சிரட்டையில் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். கடல் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், ஏறிவிட்டால் கரிக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, எல்லார் வீட்டுக் கதையையும் அதற்குள் பேசி முடிப்பார்கள். முதல் நாள் என்னைக் கண்டதும், "மலை பாத்த வீட்டுப் பிள்ளையா?" என்றார்கள். இரண்டாம் நாள் நானே, "ஆமா, மேகத்துல வீடு கட்டிருக்கோம், வந்துட்டுப் போங்க" என்றேன். பிறகு கேலி நின்றது. என் குடம் நிறைய அவர்களே மொண்டு ஊற்றினார்கள்.

பாறை நடைக்கும் கால் பழகியது. எந்தக் கல் ஆடும், எந்த விரிசலைத் தாண்டலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்று அக்கா காலால் தட்டிக் காட்டுவாள். குட்டைகளில் விரல் நீளத்துக்கு நீல மீன் நிற்கும். நிழல் பட்டால் கல்லுக்குள் போய்விடும். வெயில் ஏறினால் தாழம்பூ வாசனை வரும், அதோடு கருவாட்டு நாற்றமும் வரும். இரண்டையும் பிரிக்க முடியாது. இன்றைக்கும் கடைத்தெருவில் கருவாட்டுக் கூடையைத் தாண்டும்போது எனக்குத் தாழம்பூ ஞாபகம் வருகிறது. மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓலைக் கூரைக் கோவிலில் ஆராதனை. அப்பா முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார். ராஜபாளையத்தில் அந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி வந்து நின்றிருக்கும், அம்மா என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றிருப்பாள். எனக்கு அதுதான் ஓடியது. உபதேசியாரின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. முடிந்ததும் அப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

"செத்த நேரம் நடப்போமா?" என்றார் அக்காவிடம்.

அன்றைக்குத் தீவை முழுக்கச் சுற்றினோம். அக்கா செய்து கொடுத்த பனைமட்டைச் செருப்பு அப்பாவின் காலில். அக்கா முன்னால், அப்பா நடுவில், நான் கடைசியில். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன செடி, அந்தப் பறவை கறிக்கு ஆகுமா, இந்த மணல் ஏன் இங்கே மட்டும் கறுப்பு. தெரிந்ததற்கு அவள் பதில் சொன்னாள். தெரியாததற்கு, "தெரியலப்பா, கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். அலை பாறைப் பொந்தில் அடிக்கும் இடத்தில் அப்பா நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"என்ஜின் மாதிரி அடிக்குதுட்டி" என்றார். "இத நிறுத்துறதுக்கு ஆளே இல்ல, என்ன?"

"நிறுத்த வேண்டாம்பா" என்றாள் அக்கா.

எங்கள் அப்பா அப்படிக் கை வீசி நடந்து நான் பார்த்ததே இல்லை. பாக்டரிக்குப் போவார், வருவார். வீட்டுக்கு வந்தால் சாய்ந்துவிடுவார். மகள்களோடு சும்மா நடக்கிற மனிதர் அல்ல அவர். அன்றைக்கு நடந்தார். வெயில் சாய்ந்து, நிஜமான மேற்கில் சூரியன் இறங்கியபோது மூன்று பேரும் மேற்குக் கரை மணலில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் மலை இல்லை. தண்ணீர் மட்டும்தான். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்தச் சாயங்காலம்தான். எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. அதெல்லாம் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை துறைக்கு அக்கா வந்தாள், அவளுடைய கூட்டத்தோடு. தோணியில் ஏறுமுன் அப்பா அவள் தலையில் கை வைத்தார். ஆசீர்வாதம் சொல்வார் என்று நின்றேன். "பிள்ளைக நிக்குதுல்லா. போய்ப் பாடத்தப் பாரு" என்றார்.

தோணியில் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "தளவாய்புரத்துக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்திலா சந்தோஷத்திலா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து, காப்பிகூடக் குடிக்காமல், பெண் இல்லாத வீட்டுக்கு எதற்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள். அக்கா இல்லை.

"எங்க அவ? வரலன்னுட்டாளா?"

நான் வாயைத் திறந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்லியிருப்பேன், எனக்கு மறைக்கத் தெரியாது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அவ கெளம்பி வந்தா" என்றார் அம்மாவிடம். "நான்தான் வழி தப்பிட்டேன். தோணி போயிட்டு."

"நீங்களா? வழி தப்பிட்டீகளா?"

"ஆமா."

அதையேதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய், அவர்கள் வாசலில் நின்று சொன்னார். ரங்கூன்காரன் அதற்குள் வேறு பெண்ணுக்கு ஓலை கொடுத்துவிட்டான். பிறகு அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு என்ன அவசரம் என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் தூக்கினார்கள். அதையும் மீறி அப்பா அடுத்த தை மாதம் எனக்குக் கலியாணம் செய்துவைத்தார். அக்கா கடைசிவரை கலியாணமே செய்யவில்லை. அதைச் சொன்னதும் சிலர் உச்சுக் கொட்டுகிறார்கள். கொட்ட வேண்டாம். அவள் நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைத்தான் ஊர் விடவில்லை. மேகத்தை மலை என்று நம்பிய கதை எப்படியோ பரவிவிட்டது. பாக்டரி வாசலில் அவரைக் கண்டால், "கரடித் தடத்துல நடந்தவரு வாராரு, வழி விடுங்கலே" என்பார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர், குசும்பு பிடித்த மனிதர், சாகும்வரை, மழை மேகம் திரளும்போதெல்லாம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏமையா, இன்னைக்கு மலை எக்கட?" என்று, மலை எங்கே என்பதைத் தெலுங்கில் கேட்டுச் சிரிப்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும். உண்மையைச் சொன்னால் ஒரே நொடியில் கேலி நின்றுவிடும். அவர் மகள் வழி தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னால் போதும். ஒருநாள்கூட அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை.

"ஆமாய்யா, தப்பிட்டேன்" என்பார். "ஒனக்கென்ன?"